ஆளில்லாத ஊரின் நல்ல தண்ணீர்

யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கைநழுவிப்போன பல்கலைக்கழகம் சிவரஞ்சினிக்கு ஒஸ்லோவில், அவள் ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகு கிடைத்தது. கணவன் ஸ்ரீதரன் சுரங்க ரயில் ஓட்டினான். ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில் வீடு. வார இறுதிகளில் அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். மற்ற நாட்களில் மகள் யதுர்ஷாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, புவியியற் பிரிவின் வகுப்பறையில் தன்னைவிடப் பத்து வயது இளையவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

நிலத்தடி நீரைப் பற்றிய பாடத்தில் ஒருநாள் இங்குன் என்ற பேராசிரியை கரும்பலகையில் ஒரு மலையை வரைந்தார். குளிர்காலம் முழுவதும் பனி கிடக்கிறது. வசந்தத்தில் அது உருகி மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்குகிறது. கிணறுகள் நிறைகின்றன. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சிவரஞ்சினி மட்டும் கையை உயர்த்தினாள்.

"வருடத்தில் மூன்று மாதம் மட்டும் மழை பெய்து, மிச்ச நாளெல்லாம் வெயில் எரிக்கிற இடத்தில் எப்படி நிறையும்?"

இங்குன் சோக்கட்டியைக் கீழே வைத்தார். "அப்படியான இடத்தில் பெய்வதில் பெரும்பகுதி திரும்ப வானத்துக்கே போய்விடும். எவ்வளவு உள்ளே போகிறது என்பது ஒவ்வொரு இடத்துக்கும் வேறு. யாராவது போய் அளந்தால்தான் தெரியும்."

அதை அளப்பதுதான் தன் முதுகலை ஆய்வு என்று அவள் அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் போக வழியில்லை. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. அடுத்த தைமாதம் அவள் ஒரு பெட்டி நிறைய வெறும் போத்தல்களோடு யாழ்ப்பாணத்தில் போய் இறங்கினாள்.

அவளுடைய ஊர் நாவலடைப்பு. வலிகாமத்தின் மேற்குக் கரையில், கடலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. 1995 இடப்பெயர்வில் ஊர் முழுவதும் வெளியேறியது. பிறகு கரையில் ஆமி முகாம் போட்டதால் ஒருவரையும் திரும்ப விடவில்லை. ஏழு வருடமாக ஊர் பற்றைக் காடாகக் கிடந்து, இப்போதுதான் சனம் வரத் தொடங்கியிருந்தது. முதலில் வந்தவர்களில் அவளுடைய தமையன் சோதிலிங்கமும் அவர் மனைவி செல்வமலரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லாத இருவர். வீட்டில் கூரை இல்லை, கதவில்லை, நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தறப்பாளைக் கட்டிக்கொண்டு அதற்குள் இருந்தார்கள்.

சோதிலிங்கம் தங்கையை முதலில் கூட்டிக்கொண்டு போனது கிணற்றடிக்குத்தான். வாளியை விட்டு அள்ளி, அவள் கைகளில் ஊற்றினார்.

"குடிச்சுப் பார்."

"கொதிக்க வைக்காமலோ அண்ணை?"

"குடி பிள்ளை. ஒருத்தரும் தொடாத தண்ணி."

அவள் குடித்தாள். பிறகு இன்னொரு தரம் கையை நீட்டினாள். அவள் அறிந்த அந்தக் கிணற்றுத் தண்ணீர் அப்படி இருந்ததில்லை. தை பிறந்தாலே உப்புக் கரித்துச் சவர்க்கத் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரையில் குடிதண்ணீருக்குச் சைக்கிளில் இரண்டு மைல் போக வேண்டும். இப்போது அது இனித்தது. சோதிலிங்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியே? எல்லாம் போச்சு, தண்ணி மட்டும் வந்திருக்கு. இதை வைச்சு நான் எழும்பிடுவன்."

அவள் ஊரின் கிணறுகளில் ஒவ்வொன்றாக அள்ளிப் போத்தல்களில் அடைத்தாள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் சிவப்பு நாடா கட்டிய வளவுகளை விட்டுவிட்டாள். மாரியில் பெய்த மழைத் தண்ணீரையும் செல்வமலர் அவளுக்காகப் பிடித்து வைத்திருந்தாள்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி, அந்த வசந்தம் முழுவதும் ஆய்வுகூடத்தில் இருந்தாள். வழி எளிமையானது. மழைத் தண்ணீரிலும் துளி உப்பு உண்டு. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகும், உப்பை எடுக்காது. கடல் உப்புக் கலக்காத நடு ஊர்க் கிணறுகளில், மழையில் இருந்ததைவிட உப்பு எத்தனை மடங்கு கூடியிருக்கிறது என்று பார்த்தால், பெய்ததில் எவ்வளவு உள்ளே இறங்கியது என்பது தெரிந்துவிடும். வந்த விடையை அவள் நம்பவில்லை. திரும்பச் செய்தாள். அதே விடை வந்தது. மிகக் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லா மழையும் கிணற்றை எட்டவில்லை. தூறலும் சிறு மழையும் காய்ந்த மண்ணை நனைத்ததோடு சரி. அடுத்த நாள் வெயில் அதைத் திரும்ப உறிஞ்சிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் போடுகிற சில நாட்களில் மட்டும் தண்ணீர் பள்ளங்களில் தேங்கி, மண்ணைக் கடந்து, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. அந்தச் சில நாட்கள்தான் ஊரின் தண்ணீர். அவை வராத வருடத்தில் வெளியே எவ்வளவு பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்றும் சேராது. சேர்ந்ததும் பத்திரமாக இருப்பதில்லை. கல்லுக்குள் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே உப்பு நாற்பது சாண் ஏறும்.

ஓர் இரவுச் சாப்பாட்டின்போது அவள் இதை ஸ்ரீதரனுக்குச் சொன்னாள்.

"அப்ப இப்ப தண்ணி நல்லாயிருக்கெண்டு வந்து சொன்னனீர்?"

"ஓம். ஏழு மாரி பெய்திருக்கு. அள்ள ஆளில்லை. அதுதான் உப்பு கீழை போயிருக்கு."

ஸ்ரீதரன் சாப்பிடுவதை நிறுத்தினான். "சனத்தைத் துரத்தினபடியாத்தான் தண்ணி வந்தது எண்டு சொல்லுறீர்."

"நான் ஏன் எண்டு சொல்லேல்லை. நடந்ததைச் சொல்லுறன்."

"இதை வெளியிலை கதைக்காதையும்," என்றான் அவன்.

ஆனால் கதைக்காமல் இருக்க முடியவில்லை. ஒஸ்லோவில் இருந்த ஊர்க்காரரின் நாவலடைப்பு மக்கள் ஒன்றியம் அந்த வருடம் ஊருக்குத் தண்ணீர் இறைக்கிற இயந்திரங்கள் அனுப்பத் தீர்மானித்திருந்தது, குடும்பத்துக்கு ஒன்றாக. வெஸ்ட்லியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. தலைவர் அரசரத்தினம், ஹொல்ம்லியாவில் இருக்கிறவர். ஊர்க்காரரின் செத்தவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனிதர். பணிக்குப் போன உடுப்போடு வந்திருந்த சனம் முன்வரிசையை விட்டுவிட்டு வழக்கம்போலப் பின்னால் இருந்தது. சிவரஞ்சினி எழுந்து தான் கண்டதை அமைதியாகச் சொன்னாள்.

அரசரத்தினம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "பிள்ளை, நீர் படிச்சனீர், பிழையாச் சொல்லமாட்டீர். ஆனா அதுகள் ஏழு வருசம் முகாமிலை கிடந்து இப்பதான் சொந்தக் காணியிலை கால் வைச்சிருக்குதுகள். தண்ணி அள்ளாதை எண்டு ஆர் போய்ச் சொல்லுறது?" என்றார்.

"அள்ள வேண்டாம் எண்டு இல்லை ஐயா. வாளியாலை அள்ளட்டும். மெசின் வேண்டாம். பள்ளங்களையும் கேணிகளையும் துப்புரவாக்கி, மாரி வெள்ளம் கடலுக்கு ஓடாமல் நிக்க விட்டால், கொஞ்ச வருசத்திலை..."

"அந்தக் கொஞ்ச வருசமும் என்னத்தைத் தின்னுறது?"

அவளுடைய ஆய்வு தண்ணீரைத்தான் அளந்திருந்தது, சாப்பாட்டை அல்ல.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "இஞ்சை குழாயைத் திறந்தால் தண்ணி வாற ஆக்கள் அங்கை இருக்கிறவைக்குப் பாடம் எடுக்கினம்." இன்னொருவர், "ஆமி இருந்தது நல்லது எண்டெல்லோ வருது கதை!" என்றார். சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது. தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது பலர் அவளைத் தெரியாதவர்கள்போல விலகிப் போனார்கள். அரசரத்தினம் மட்டும் வாசலில் நின்று, "கோவிக்காதையும் பிள்ளை, எனக்கு வேறை வழி தெரியேல்லை," என்றார்.

அவள் தமையனுக்குத் தொலைபேசி எடுத்தாள். ஊரில் லைன் இல்லை. அவர் சந்திக் கடைக்கு வந்து காத்திருப்பார். எல்லாவற்றையும் சொன்னாள்.

"விளங்குது ரஞ்சி," என்றார் கடைசியில். "நாற்பது மடங்கு எண்டதுதான் விளங்கேல்லை. ஆனா உப்பு வரும் எண்டது விளங்குது. நாங்கள் சின்னனிலை பாத்தனாங்கள்தானே."

"என்ன செய்யப்போறியள் அண்ணை?"

"பாதிக் காணியிலைதான் வெங்காயம் நடுவன். மெசின் வேண்டாம். நானும் செல்வமும் அள்ளி ஊத்துவம்."

சொன்னபடியே செய்தார். விடிய எழும்பி இரண்டு பேருமாக வாளியால் அள்ளிப் பாத்திகளுக்கு ஊற்றினார்கள். சோதிலிங்கத்துக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதோடும் அள்ளினார். அறுவடைக்குப் பிறகு, மாரிக்கு முதல், தனியாளாக வளவின் மேற்கு மூலையில் தூர்ந்து கிடந்த பள்ளத்தைத் தோண்டினார். மாரி வெள்ளம் அதில் ஐந்து நாள் நின்று வற்றியது. வற்றியதைக் கடைக்கு வந்து தங்கைக்குச் சொன்னபோது அவர் குரலில் ஒரு சந்தோசம் இருந்தது. "உள்ளைதான் போனது ரஞ்சி. வெயில் எடுக்கேல்லை. பாத்துக்கொண்டிருந்தனான்."

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு தண்ணீர், அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் என்று கல்லுக்குள் இல்லை. அடுத்த வருடம் தை பிறந்ததும் இடப்பக்க வளவிலும் வலப்பக்க வளவிலும் இயந்திரங்கள் காலை முதல் பொழுதுபடும்வரை இறைத்தன. சோதிலிங்கம் தன் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, தான் ஒரு வாளியும் அள்ளாத நேரத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தார். ஒருநாள் தாங்க முடியாமல் பக்கத்து வளவுக்குப் போய்ச் சத்தம் போட்டார். அந்த மனிதன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அவர் சொல்வதை முழுதும் கேட்டான்.

"உனக்கு நோர்வேயிலை தங்கச்சி இருக்கிறா," என்றான் பிறகு. "எனக்கு ஆர் இருக்கினம்?"

திரும்பவும் இயந்திரத்தைப் போட்டான். சோதிலிங்கம் வீட்டுக்கு வந்துவிட்டார். இதைச் சிவரஞ்சினிக்குச் சொன்னது செல்வமலர். அவர் சொல்லவில்லை.

மாசியில் செல்வமலர் தொலைபேசியில், "தேத்தண்ணிக்குப் பால் விட்டால் உப்புக்குத் திரையுது மச்சாள்," என்றாள். பங்குனியில் வெங்காயத் தாளின் நுனிகள் பழுப்பாகக் கருகின. அந்தச் சித்திரையில் ஊர் முழுவதும் கருகியது. அடுத்த மாரி பெய்தும் உப்பு இறங்கவில்லை. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. இறைக்க நல்ல தண்ணீர் இல்லாததால் நின்றன. சனம் பகுதி பகுதியாக வெளியேறியது. இந்தத் தரம் யாரும் துரத்தவில்லை.

சிவரஞ்சினியின் ஆய்வுக்கு நல்ல புள்ளிகள் கிடைத்தன. இங்குன் அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். நகரத்தில் ஒரு ஆலோசனை நிறுவனம் அவளை வேலைக்கு எடுத்தது. சுரங்கப் பாதை தோண்டும் இடங்களில் நிலத்தடி நீர் இறங்காமல், களிமண்மேல் கட்டிய வீடுகள் புதையாமல் பார்த்துக்கொள்வது அந்த வேலை. குழாய்களில் அளவு எடுத்துக்கொண்டு மஞ்சள் மேற்சட்டையோடு ஒஸ்லோவின் தெருக்களில் திரிந்தாள். அளவு ஒரு சாண் இறங்கினால் போதும், தோண்டுகிற வேலை அங்கே நின்றது. பொறியியலாளர்கள் ஓடிவந்தார்கள். தண்ணீரைத் திரும்ப உள்ளே செலுத்தினார்கள். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அவள் வீதியோரத்தில் வாகனத்துக்குள் இருந்து அழுதாள்.

2005 இல் சோதிலிங்கமும் செல்வமலரும் வன்னிக்குப் போனார்கள். செல்வமலரின் தாய்மாமனுக்குக் கிளிநொச்சிப் பக்கம் குளத்தின் கீழ் வயல் இருந்தது.

"இஞ்சை தண்ணி வாய்க்காலிலை வருது ரஞ்சி," என்றார் சோதிலிங்கம். "குளம் நிறைஞ்சு கிடக்கு. பாக்க உனக்கு விசர் பிடிக்கும். நீ இனிக் கவலைப்படாதை."

"சண்டை திரும்ப வரும் எண்டு கதைக்கினம் அண்ணை."

"வந்தால் எங்கையும்தான் வரும். உப்புத் தண்ணியோடை இருக்கேலாது."

அடுத்த ஆவணியில் பாதை பூட்டியது. யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையில் போக்குவரத்து நின்றது. நாவலடைப்பில் இருந்திருந்தால் அவர்கள் சண்டைக்கு வெளியே இருந்திருப்பார்கள். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஸ்ரீதரனும் சொல்லவில்லை. இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

2009 சித்திரையில், வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி, ஒஸ்லோவில் தமிழர்கள் நோர்வே நாடாளுமன்றத்தின் முன்னால் இரவும் பகலும் நின்றார்கள். வேலை முடிந்து அவளும் யதுர்ஷாவும் போய் நின்றார்கள். யதுர்ஷா பள்ளிக்கூடத் தோழிகளோடு நோர்வேஜிய மொழியில் கோசம் போட்டாள். ஒரு மாலை அரசரத்தினம் கூட்டத்துக்குள் அவளைக் கண்டு கிட்ட வந்தார். மெலிந்திருந்தார்.

"அண்ணையிட்டை இருந்து ஏதும் செய்தி?"

"ஒண்டும் இல்லை ஐயா."

அவர் தன் கம்பளிக் கழுத்துத் துண்டைக் கழற்றி யதுர்ஷாவின் தோளில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே கடைசி ரயில்வரை நின்றார்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆடியில், வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவருடைய கைத்தொலைபேசியில் செல்வமலர் பேசினாள். சிவரஞ்சினி அப்போது பேருந்தில் இருந்தாள். அடுத்த தரிப்பில் இறங்கி, ஒரு மதிலோடு ஒட்டி நின்றாள்.

"உங்கடை அண்ணை இல்லை மச்சாள்."

"எப்ப?"

"கடைசிக்குக் கொஞ்சம் முதல். முள்ளிவாய்க்காலிலை." செல்வமலரின் குரலில் அழுகை இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "அங்கை ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் கடலேரி. மணலிலை கிடங்கு கிண்டித்தான் தண்ணி. சனம் தண்ணிவிடாய்க்கு ஆழ ஆழக் கிண்டினது. கிண்டக் கிண்டச் சவர். இவர் போய்ச் சொன்னவர், ஆழக் கிண்டாதேங்கோ, நல்ல தண்ணி மேலைதான் மிதக்கும், பரவலாக் கிண்டிச் சிரட்டையாலை மெல்ல அள்ளுங்கோ எண்டு. என்ரை தங்கச்சி இதைத்தான் படிச்சவள் எண்டும் சொன்னவர்."

"கேட்டவையோ?"

"கேட்டவை. ஊரிலை கேக்காத சனம் அங்கை கேட்டது. எங்கடை கிடங்கிலை நல்ல தண்ணி ஊறினது. குழந்தைப்பிள்ளையளுக்கு அதைத்தான் குடுத்தவை. அதாலை எங்கடை கிடங்கடியிலை எப்பவும் சனம். இவர் வரிசையைப் பாத்துக்கொண்டு நிண்டவர். அங்கைதான் ஷெல் விழுந்தது."

பிறகு, போன் தந்த பிள்ளை கேட்கிறா என்று சொல்லிச் செல்வமலர் வைத்துவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் என்று கணக்குப் பார்க்க முடியாத சாவு அது. ஹவுகன்ஸ்டுவா வீட்டில் ஒரு படத்தை வைத்து விளக்கேற்றினார்கள். ஊர்ச்சனம் வந்தது. மண்டபத்தில் சிரித்தவர்களும் வந்திருந்தார்கள். யாரும் பழையதைக் கதைக்கவில்லை. சிவரஞ்சினி எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். மூன்று கிழமை விடுப்புக்குப் பிறகு வேலைக்குத் திரும்பினாள். தமையன் அங்கே நின்று தன் பெயரைச் சொன்னார் என்பது அவளுக்கு ஆறுதலா தண்டனையா என்று ஸ்ரீதரன் ஒருநாள் கேட்டான். தெரியாது என்றாள்.

ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனத்தை முகாமிலிருந்து விடத் தொடங்கினார்கள். செல்வமலர் திரும்பவும் எடுத்தாள்.

"ஊருக்குப் போகலாம் எண்டு சொல்லுகினம். உப்பு எண்டு விட்டிட்டுப் போன கிணறு. போய் இருக்கலாமோ மச்சாள்?"

சிவரஞ்சினிக்கு விடை தெரியும். நாலு வருடமாக ஊரில் அநேகமாக ஆளில்லை. போன மாரியில் புயலோடு பெருவெள்ளம் போட்டிருந்தது.

"குடிக்கலாம் மச்சாள்," என்றாள். "போங்கோ."

செல்வமலர் மார்கழியில் போனாள். தண்ணீர் நல்லதாகத்தான் இருந்தது. வெளியேறியிருந்த குடும்பங்களும் மாரி முடியுமுன் திரும்பி வரத் தொடங்கின. தைப்பொங்கலுக்கு முதல் நாள் அவளோடு பேசும்போது தொலைபேசியில் பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. என்ன சத்தம் என்று சிவரஞ்சினி கேட்டாள்.

"பக்கத்து வளவிலை மெசின்," என்றாள் செல்வமலர். "அங்கை இருக்கிற பொம்பிளைக்கு மூண்டு பிள்ளையள். மனிசனும் இல்லை. நான் என்ன எண்டு போய்ச் சொல்ல?"

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. யதுர்ஷா அறைக்குள் வந்து, ஆர் அம்மா என்று கேட்டாள். சிவரஞ்சினி கையால் மறித்தாள்.

"ஒண்டும் சொல்லாதேங்கோ," என்றாள் மச்சாளுக்கு. "உங்களுக்குக் குடிக்கக் கொஞ்சம் அள்ளி மூடி வையுங்கோ."